தூற்றும் விசிறியும் கிராபிக்ஸ் கார்டும்

"பையனுக்கா மேடம்?" என்று கேட்டார் கடைக்காரர்.

தஞ்சாவூரில் ஒரு குறுகலான மாடிப்படி ஏறிப் போனால் வரும் கம்ப்யூட்டர் கடை அது. இந்தக் கேள்வி வரும் என்று எனக்குத் தெரியும். தெரிந்தும் சுருக்கென்றது. எங்களுக்குக் கல்யாணமாகி ஐந்து வருடம். பையனும் இல்லை, பெண்ணும் இல்லை. கணவர் வளைகுடா நாட்டில் இருக்கிறார். கிராபிக்ஸ் கார்டு வாங்க வந்த இடத்தில் இந்தப் புராணத்தையெல்லாம் ஒருத்தி பாடிக்கொண்டிருக்க முடியுமா?

"எனக்குத்தாங்க. எட்டு ஜிபி மெமரி இருக்கணும். கேபினட்டுக்குள்ள ஒரு சாணுக்கு மேல நீளம் நுழையாது, அளந்து பாத்துட்டுதான் வந்திருக்கேன். பவர் சப்ளை சின்னது, ரொம்ப கரண்ட் தின்னாத கார்டா எடுத்துப் போடுங்க" என்றேன். ஜவுளிக்கடையில் கரை எப்படி வேண்டும் என்று சொல்கிற அதே தொனி. அவர் மூக்குக் கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிவிட்டு, பக்கத்தில் இருந்த இரண்டு வாடிக்கையாளர்களை மறந்துவிட்டு, அட்டைப்பெட்டிகளை இறக்க ஆரம்பித்தார்.

அன்றைக்கு எனக்கு இருந்த உற்சாகத்தை எப்படிச் சொல்வது? கல்யாணப் புடவை எடுத்த அன்றுகூட இவ்வளவு படபடப்பு இல்லை. அதை மற்றவர்கள் எடுத்தார்கள், நான் தலையாட்டினேன். இதை நான் எடுக்கிறேன்.

நான் மன்னார்குடியில் ஒரு தனியார் பள்ளியில் இயற்பியல் நடத்துகிறேன். பக்கத்துக் கிராமத்தில் வீடு. வீட்டில் நானும் மாமனாரும் மட்டும். அவருக்கு வயல், எனக்குப் பள்ளிக்கூடம். கணவர் வெல்டர். கல்யாணமான எட்டாவது மாதம் விமானம் ஏறியவர், இரண்டு வருடத்துக்கு ஒருமுறை வந்து போகிறார். ஆரம்பத்தில் போனில் மணிக்கணக்கில் பேசினோம். போகப் போக என்ன ஆனது என்றால், "சாப்பிட்டியா?" "ம். நீங்க?" "ம்." வீடியோ காலில் ஒருவர் மூஞ்சியை ஒருவர் பார்த்துக்கொண்டு பேச்சில்லாமல் உட்கார்ந்திருப்பதைப் போலக் கொடுமை வேறு இல்லை. கோபம் கோபமாக வரும். யார் மேல் என்று தெரியாது, அதனால் அவர் மேலேயே காட்டுவேன்.

அப்புறம்தான் விளையாட்டு வந்தது. அவர் விட்டுப்போன பழைய கம்ப்யூட்டர் வீட்டில் இருந்தது. லாரி ஓட்டுகிற விளையாட்டு ஒன்றை அவர் அங்கே, நான் இங்கே ஏற்றிக்கொண்டோம். அவருக்கு வெள்ளிக்கிழமை விடுமுறை. பள்ளிவிட்டு வந்ததும் நான் உட்காருவேன். அவர் லாரி முன்னால், என் லாரி பின்னால், காதில் ஹெட்போன். முகத்தைப் பார்க்க வேண்டியதில்லை, ரோட்டைப் பார்த்தால் போதும். அப்போதுதான் மனுஷர் பேச ஆரம்பித்தார். தொழிலாளர் கேம்பில் தண்ணீர் வராதது, சின்ன வயதில் வடவாற்றில் முங்கிப்போக இருந்தது, என்னைப் பெண் பார்க்க வந்த அன்று பயத்தில் காப்பியைச் சட்டையில் ஊற்றிக்கொண்டது. அது பயத்தினால்தான் என்று எனக்கு மூன்று வருடம் கழித்து, ஒரு லாரிக்குள்தான் தெரிந்தது.

புரட்டாசி பிறந்ததும் அவர் புது விளையாட்டு ஒன்றுக்கு மாறினார். காடு, மலை, ஆறு எல்லாம் உள்ள பெரிய நிலம். அதில் நமக்கு வேண்டியதை நாமே கட்டிக்கொள்ளலாம். "உனக்குன்னு ஒண்ணு கட்டிக்கிட்டிருக்கேன். வந்து பாரு" என்றார். நானும் நுழைந்தேன். படத்தை வரைந்து திரைக்கு அனுப்புகிற கிராபிக்ஸ் கார்டு என்னுடையது பழசு, மூச்சுமுட்டிப் போயிற்று. ஒரு படம் வரும், நிற்கும், அடுத்தது வரும். கல்யாண ஆல்பத்தைப் புரட்டிப் பார்க்கிற வேகம். பத்தடி தூரத்துக்கு அப்பால் எல்லாம் சாம்பல் நிறக் கட்டி. ஆற்றங்கரைக்குப் போவதற்குள் மொத்தமும் செத்து விழுந்தது.

"போட்டோ எடுத்து அனுப்புங்களேன்."

"மாட்டேன். நீ உள்ள வந்து நடந்து பாக்கணும்."

"வர முடியலையேங்க!"

"அப்ப விடு. பரவால்ல." அந்தப் 'பரவால்ல'யில் ஒரு தொய்வு இருந்தது. பிறகு மெதுவாகச் சொன்னார், அடுத்ததற்கு அடுத்த சனிக்கிழமை அவரைப் பாலைவனத்துக்குள் ஒரு சைட்டுக்கு மாற்றுகிறார்களாம். அங்கே போன் சிக்னலே பிச்சை எடுக்க வேண்டும், இன்டர்நெட்டுக்கு எங்கே போவது? அதற்குள் பார்த்தால் உண்டு, இல்லையென்றால் இல்லை. இருந்தது இரண்டு வெள்ளிக்கிழமை.

எனக்கு வந்ததே ஒரு வெறி! அந்த மனுஷன் ராத்திரி பகலாக இரும்பை ஒட்டிவிட்டு வந்து, மிச்ச நேரத்தில் எனக்காக எதையோ கட்டி வைத்திருக்கிறார். ஒரு கையகலப் பலகைக்கு வக்கில்லாமல் நான் அதைப் பார்க்காமல் இருப்பதா? அன்றைக்கு உட்கார்ந்தவள்தான். கார்டுகளை ஒப்பிட்டுப் பேசுகிற வீடியோக்களாகப் பார்த்துத் தள்ளினேன். இந்தத் துறையில் இரண்டு பெரிய கம்பெனிகள், பச்சை ஒன்று, சிவப்பு ஒன்று. ரசிகர்கள் அடித்துக்கொள்கிற அடியைப் பார்த்தால் நம்மூர்த் தேர்தல் தோற்றுப்போகும். நான் எந்தக் கட்சியிலும் சேரவில்லை. யார் என் பெட்டிக்குள் நுழைவார்களோ அவர்களுக்கே என் ஓட்டு என்று முடிவு செய்துதான் தஞ்சாவூருக்கு பஸ் ஏறினேன்.

கடைக்காரர் எடுத்துப் போட்டதில் முதலாவது நீளம் அதிகம், இரண்டாவதற்கு என் பவர் சப்ளை பத்தாது. மூன்றாவது சிவப்புக் கட்சி, ஏற்கெனவே யாரோ ஓட்டியது, இரண்டு விசிறி, என் அளவுக்குச் சரியாக இருந்தது. "இது அந்த கேமுக்குக் கொஞ்சம் குறைச்சல்தான் மேடம். ஓவர்கிளாக் பண்ணிப் பாருங்க, சமாளிச்சிடும்" என்றார். ஓவர்கிளாக் என்றால், கம்பெனிக்காரன் இவ்வளவு வேகம் போதும் என்று வைத்து அனுப்பியதை நாம் சாப்ட்வேர் வழியாக இன்னும் கொஞ்சம் முடுக்கிவிடுவது. அந்த வார்த்தையைக் கேட்டதும் எனக்குக் கை பரபரத்தது. வரும் வழியெல்லாம் பெட்டியை மடியில் வைத்துக்கொண்டு வந்தேன். பக்கத்து சீட்டு அம்மா, "ஸ்வீட் பாக்ஸா?" என்று கேட்டார். "ஆமாங்க" என்று சொல்லிவிட்டேன்.

வீட்டுக்கு வந்து மாட்டி, சுவிட்சைப் போட்டு, விளையாட்டைத் திறந்தேன். அடேயப்பா! சாம்பல் கட்டியெல்லாம் மரமாக நின்றது. புல் அசைந்தது. நான் தனியாக உட்கார்ந்து "ஐயோ, ஐயோ" என்று கத்தியதில் மாமனார் சாப்பிட்ட கையைக்கூடக் கழுவாமல் ஓடிவந்தார். ஒன்றுமில்லை மாமா, புல் தெரிகிறது என்றேன். வெளியே நாலு பக்கமும் வயலாக இருக்கிற ஊரில் இவள் புல்லைப் பார்த்தா கத்துகிறாள் என்று நினைத்திருப்பார். சொல்லவில்லை, நல்லவர்.

ஆனால் ஆற்றங்கரைக்குப் போனால் மறுபடி இழுத்தது. தண்ணீர், அதில் விழுகிற வெளிச்சம், இதெல்லாம் கார்டுக்குப் பெரிய சுமை. அவர் கட்டியிருப்பதோ ஆற்றுக்கு அந்தப் பக்கம். சரி, முடுக்கிவிடு.

அந்த வாரத்தை என்னால் மறக்க முடியாது. திரையில் ஒரு கோடு, அதில் ஒரு குமிழ். குமிழை ஒரு இழை வலப்பக்கம் தள்ளு, சோதனையை ஓட்டு, மூச்சைப் பிடித்துக்கொண்டு பார். தாங்கியதா? இன்னும் ஒரு இழை. தாங்கியதா? இன்னும். பேராசைப்பட்டால் திரை முழுக்க ரோஸ் கலர் புள்ளியாகக் கொப்பளிக்கும், அல்லது மொத்தமாக உறைந்து நிற்கும். உடனே பின்வாங்கு. பள்ளியில் பாடம் நடத்திக்கொண்டிருக்கும்போதே எனக்குள் அந்தக் குமிழ் ஓடிக்கொண்டிருந்தது. நாற்பது வயதை எட்டப்போகிறவளுக்கு இப்படி ஒரு கிறுக்கா என்று கேட்டால், ஆமாம், இப்படித்தான்.

தடையாக வந்தது சூடு. வேகத்தைக் கூட்டினால் கார்டு கொதிக்கும். ஒரு அளவைத் தாண்டினால், தப்பித்தால் போதும் என்று தானாகவே வேகத்தைக் குறைத்துக்கொள்ளும். குளிர்தேசத்தில் உட்கார்ந்து வீடியோ போடுகிறவர்களுக்கு என்ன, ஜன்னலைத் திறந்தால் ஆயிற்று. எங்கள் ஊர்ப் புரட்டாசிப் புழுக்கத்தில் நானே வெந்துகொண்டிருந்தேன், கார்டு என்ன செய்யும்? கேபினட்டின் பக்கவாட்டுக் கதவைக் கழற்றி டேபிள் ஃபேன் வைத்தேன். அனல் காற்றுதான் சுற்றிச் சுற்றி வந்தது.

அப்போதுதான் என் கண்ணில் அது பட்டது. குறுவை அறுப்பு முடிந்து எங்கள் நெல் வாசலில் குவிந்து கிடந்தது. கொள்முதல் நிலையத்தில் எங்கள் முறை வருவதற்காகக் காத்திருந்தோம். குவியலுக்குப் பக்கத்தில் மாமனாரின் தூற்றும் விசிறி. பதரையும் தூசியையும் நெல்லிலிருந்து பிரித்துப் பறக்கடிக்கிற ராட்சசன். ஆளுயர இரும்புக் கால், அண்டா வாய் அளவுக்கு வட்டம். போட்டால் எதிரில் நிற்கிறவன் வேட்டி நிற்காது. வேலை முடிந்து சும்மா நின்றது.

"மாமா, இந்த ஃபேனை நான் ரெண்டு நாளைக்கு எடுத்துக்கட்டுமா?"

"எதுக்கும்மா?"

"கம்ப்யூட்டரைத் தூத்தணும்."

அவர் என்னை ஏற இறங்கப் பார்த்தார். பிறகு ஒரு கால் அவர் பிடிக்க, ஒரு கால் நான் பிடிக்க, இருவருமாக அதை என் அறைக்குள் கொண்டுவந்தோம். ஜன்னலோரம் நிறுத்தி, திறந்திருந்த கேபினட்டைப் பார்க்கத் திருப்பி சுவிட்சைப் போட்டேன். காலண்டர் சுவரைவிட்டுப் பறந்தது. திருத்தி வைத்த பரீட்சைத் தாள்கள் பரணுக்கே போய்விட்டன. திரையில் சூடு காட்டும் எண் மளமளவென்று இறங்கியது. எண்பத்தைந்தில் நின்றது அறுபதுக்கு வந்துவிட்டது! நான் குதித்தேன். நிஜமாகவே குதித்தேன். குமிழைத் தள்ளினேன், தாங்கியது. இன்னும் தள்ளினேன், தாங்கியது. ஆற்றங்கரைக்குப் போனேன். தண்ணீர் தண்ணீராக ஓடியது. நாளை மறுநாள் வெள்ளிக்கிழமை, கடைசி வெள்ளிக்கிழமை. "வர்றேங்க, பாத்துக்கிட்டே இருங்க" என்று அவருக்கு மெசேஜ் போட்டேன்.

இயற்பியல் டீச்சர் என்று பெயர். வெப்பக் கடத்தல், வெப்பச் சலனம் என்று போர்டு நிறைய எழுதுகிறவள். காற்று எங்கேயிருந்து வருகிறது என்று ஒரு நிமிஷம் யோசித்தேனா? விசிறிக்குப் பின்னால் ஜன்னல். ஜன்னலுக்குப் பின்னால் நெற்குவியல்.

வியாழக்கிழமை சாயங்காலம் சூடு மறுபடி ஏறியது. எழுபது, எண்பது. கார்டின் குட்டி விசிறிகள் குளவி மாதிரி இரைந்தன. ஃபேனின் வேகத்தை இன்னும் கூட்டினேன், சூடும் கூடியது. எனக்குப் பிடிபடவே இல்லை. பிறகு படக்கென்று திரை கறுத்தது. மறுபடி போட்டேன். சில நிமிடம், மறுபடி கறுப்பு. அழுகை முட்டிக்கொண்டு வந்தது. அதை மேசையில் ஒரு குத்தாக மாற்றிக்கொண்டேன்.

வெள்ளிக்கிழமை பள்ளிக்குக் காய்ச்சல் என்று லீவு சொன்னேன். கார்டுக்குத்தான் காய்ச்சல். கழற்றி வெளிச்சத்தில் பிடித்தேன். அடப்பாவி மகளே! உள்ளே இருக்கும் அலுமினியத் தகடுகளின் இடுக்கெல்லாம் மஞ்சளாக அடைத்திருந்தது. அத்தனையும் சுணை, நெல்லின் மேலிருந்து உதிர்கிற அந்த அரிப்புத் தூள். கூடவே பதர், வைக்கோல் துணுக்கு. ஒரு விசிறியின் அடியில் முழு நெல் ஒன்று பத்திரமாக உட்கார்ந்திருந்தது. என் கழுத்தும் கையும் இரண்டு நாளாக அரித்ததற்கும் காரணம் அப்போதுதான் விளங்கியது. விசிறியைப் போய்த் தொட்டுப் பார்த்தேன். இறக்கை முழுக்க விரல் கனத்துக்கு அதே சுணை.

மாமனார் எட்டிப் பார்த்தார். "தூத்துற ஃபேன்ல சுணை வராம பின்ன பன்னீரா வரும்?"

"அப்பவே சொல்றதுக்கென்ன மாமா?"

"நீ ஏதோ படிச்ச விஷயமா செய்யறேன்னு நெனச்சேன்."

சிரிப்பதா, அவரிடம் சண்டை போடுவதா என்று தெரியவில்லை. சண்டைக்கு நேரமும் இல்லை. ஹால் நடுவில் பழைய வேட்டியை விரித்து உட்கார்ந்தேன். பிளாஸ்டிக் மூடியைத் திருகுகளோடு கழற்றி, பெயின்ட் பிரஷ்ஷால் தகடு தகடாகத் துடைத்தேன். துடைக்கத் துடைக்க வந்துகொண்டே இருந்தது. சாயங்காலத்துக்குள் உயிர் வர வேண்டும், வராவிட்டால் அவர் கட்டியதை நான் பார்க்கவே போவதில்லை.

துடைத்துக்கொண்டிருக்கும்போதே மண்டையில் ஒன்று உறைத்தது. வேகத்தைக் கூட்டுவதைப் பற்றியே நினைத்துக்கொண்டிருந்தேனே, மின்னழுத்தத்தைப் பார்த்தேனா? அதைக் கொஞ்சம் குறைத்தால் சூடு அதைவிட அதிகமாகக் குறையும். வருடா வருடம் பத்தாம் வகுப்புக்கு நானே நடத்துகிற பாடம்! இந்தக் கார்டுகளுக்குக் கம்பெனிக்காரன் எதற்கும் இருக்கட்டும் என்று கூடுதலாகத்தான் கொடுத்து அனுப்புகிறான் என்று ஒரு வீடியோவில் பார்த்ததும் ஞாபகம் வந்தது. மாட்டினேன். கொள்முதல் நிலையத்தில் முறை வந்துவிட்டது என்று மாமனார் வண்டியோடும் விசிறியோடும் புறப்பட்டுப் போனார். நான் ஜன்னலைச் சாத்திவிட்டு, வேகத்தை அப்படியே வைத்துக்கொண்டு, மின்னழுத்தக் குமிழை இடப்பக்கம் இழுத்தேன். சோதனை ஓடியது. எழுபது. எழுபத்திரண்டு. எழுபத்திரண்டு. அங்கேயே நின்றது! ராட்சசன் வேண்டாம், மூலையில் கிடந்த டேபிள் ஃபேன் போதும்.

சாயங்காலம் அவர் ஆற்றங்கரையில் காத்துக்கொண்டிருந்தார். அதாவது, தொப்பி போட்ட ஒரு பொம்மை மனுஷன்.

"வந்துட்டியா! இழுக்கலையே?"

"ஜம்முனு ஓடுது. நடங்க."

பாலத்தைத் தாண்டினோம். வெயில் தாழ்கிற நேரமாக அமைத்திருந்தார். தண்ணீரில் மஞ்சள் வெளிச்சம், ஒரு துளி நடுக்கமில்லை. மேட்டில் ஏறியதும் தெரிந்தது, ஒரு வீடு. அரண்மனை, கோட்டை என்று எதையோ எதிர்பார்த்துப் போனேன். சாதாரண ஓட்டு வீடு. முன்னால் ரோடு. இடப்பக்கம் இரண்டு தென்னை, பின்னால் வாய்க்கால். இது எங்கே என்று எனக்கு உடனே தெரிந்துவிட்டது. மன்னார்குடி ரோட்டோரம் எங்களுக்கு இருக்கிற காலி மனை. உள்ளே போனேன். கூடம், சமையலறை, ஜன்னலைப் பார்த்தபடி ஒரு மேசை, அதன்மேல் கம்ப்யூட்டர் மாதிரி ஒரு கறுப்புப் பெட்டி. எனக்குத்தான். ரோட்டைப் பார்த்து ஒரு பெரிய அறை, ஷட்டர் போட்டது. அதைத் தூக்கினேன். உள்ளே இரும்புச் சட்டங்கள், ஒரு பட்டறை மேடை.

"இது என்னங்க கடை?"

தொப்பிப் பொம்மை உள்ளே போய் அந்த மேடையை ஒரு சுற்றுச் சுற்றி வந்தது.

"வெல்டிங் பட்டறை" என்றார் கடைசியில். "கேட்டு, கிரில்லு, டிராக்டர் வேலை எல்லாம் பண்ணலாம். இன்னும் ரெண்டு வருஷத்துக்குக் கையெழுத்து கேக்கறாங்க. காலைல சைட்டுக்கு பஸ் ஏறுறதுக்குள்ள குடுக்கணும். போட வேணாம்னு இருக்கேன். மார்கழியோட முடிச்சுக்கிட்டு வந்துடலாம்னு. போன்ல சொன்னா நீ டக்குனு ஏதாவது சொல்லிடுவே. அப்பா வேற என்ன சொல்வாரோ. இப்படி நடந்து பாத்துட்டுச் சொன்னா..."

என் பொம்மை ஷட்டருக்கு அடியில் அப்படியே நின்றது. இவ்வளவு நாளும் இந்த மனுஷன் ஒரு கேள்வியைக் கல் கல்லாக அடுக்கிக்கொண்டிருந்திருக்கிறார்.

வாசலில் வண்டிச் சத்தம். மாமனார் நெல்லைப் போட்டுவிட்டு வந்து, தோள் துண்டால் முகத்தைத் துடைத்தபடி என் பின்னால் நின்றார். திரையைக் கொஞ்ச நேரம் பார்த்தார்.

"யாரு வீடும்மா? நல்லா காத்தோட்டமா இருக்கே."

நான் மைக்கை விட்டுவிட்டு ஹெட்போன் வயரை மட்டும் பிடுங்கினேன். இனி ஸ்பீக்கரில்தான் கேட்கும்.

"உங்க மகன் வீடு மாமா. பொங்கலுக்கு வந்துடறாரு. இனிமே போகமாட்டாரு. நம்ம ரோட்டு மனையில கட்டி, முன்னாடி பட்டறை வைக்கப் போறாரு."

சொல்லி முடித்த பிறகுதான் எனக்கே மூச்சு வந்தது. ஸ்பீக்கரில் ஒரு விசும்பல் கேட்டது, உடனே இருமலாக மாறியது. மாமனார் துண்டைத் தோளில் போட்டுக்கொண்டார். பிறகு குனிந்து, திரையில் நின்ற அந்தத் தொப்பிப் பொம்மையின் முகத்துக்கு நேராக, வயலின் அந்தக் கரையில் நிற்கிறவனைக் கூப்பிடுகிற குரலில் கேட்டார்.

"டேய், லாரி உள்ள வர்ற அளவுக்கு ஷட்டர் வச்சிருக்கியா?"

"வச்சிருக்கேன்ப்பா" என்றார் அவர்.